வெல்ஸின் 'ஒதெல்லோ': எது அசல், மறுசீரமைப்பில் என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்து ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த 'ஒதெல்லோ'வின் ப்ளூ-ரே பெட்டியில் 1952, 1955 என்று இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. 1992-இல் 'ரீஸ்டோர்' செய்ததாகச் சொல்லும் பழைய டிவிடியும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மூன்றில் எது அசல்? ரீஸ்டோரேஷன் என்பது அழுக்கும் கீறலும் போக்குவதுதானே, அதைச் சுற்றி ஏன் இத்தனை சச்சரவு?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 1952, 1955 இரண்டும் அசல். இரண்டும் வெல்ஸ் உயிரோடு இருந்து மேற்பார்த்து வெளியிட்டவை. 1992-இல் வந்ததில் படம் வெல்ஸுடையது, ஒலியில் பெரும்பகுதி அவருடையதல்ல. சச்சரவுக்குக் காரணம் இந்த ஒலிதான். பழைய படம் என்றதும் நம் கண் கீறலைத்தான் தேடுகிறது. ஷேக்ஸ்பியர் படத்தில் காதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நாடகமே வசனத்தில் இருக்கிறது. அந்த வசனம் எந்தக் குரலில், எந்த வேகத்தில், எந்த இசைக்கு நடுவே வருகிறது என்பதை மாற்றினால் வேறொரு படம் ஆகிவிடும்.

இது புரிய, படம் எடுக்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலீடு செய்யவிருந்த இத்தாலிய நிறுவனம் திவாலானது. வெல்ஸ் கைக்காசைப் போட்டு எடுக்க ஆரம்பித்தார். காசு தீர்ந்ததும் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் படத்தில் நடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். 'தி தேர்ட் மேன்', 'பிரின்ஸ் ஆஃப் ஃபாக்ஸஸ்', 'தி பிளாக் ரோஸ்' படங்களில் அவர் நடித்த காலம் அது. 1949-இல் மொராக்கோவின் மொகடோர் நகரில் (இன்றைய எஸ்ஸவீரா) கோட்டைச் சுவர்மேல் கேமராவை வைத்தபோது உடைகள் வந்து சேரவில்லை. அதனால் ரோடரிகோ என்ற பாத்திரம் கொல்லப்படும் காட்சியை ஒரு துருக்கிக் குளியலறைக்கு மாற்றினார். குளியலறையில் துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும், உடை வேண்டாம். படத்திலேயே மிகப் பேர்பெற்ற காட்சி பணமில்லாமையில் பிறந்தது.

இப்படி மொராக்கோவிலும் வெனிஸிலும் இத்தாலியின் வேறு ஊர்களிலும் விட்டு விட்டு எடுத்ததால், ஒரே காட்சியின் இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு கண்டமே இருக்கும். வெல்ஸ் 1978-இல் எடுத்த 'ஃபில்மிங் ஒதெல்லோ' என்ற கட்டுரைப் படத்தில் இதை அவரே விவரிக்கிறார். வெனிஸ் அருகே டோர்செல்லோ தீவில் ஒரு தேவாலய வாசலிலிருந்து கால் எடுத்து வைக்கும் இயாகோ (கதையின் வில்லன்), அடுத்த அடியை ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுகீசியர் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் வைக்கிறான். பேசும் வாக்கியம் முடிவதற்குள் கண்டம் மாறிவிடுகிறது. இதை ஒட்டவைத்தது ஒலிதான். படம் முழுக்கப் பின்னால் டப்பிங் செய்யப்பட்டது. சில பாத்திரங்களுக்கு வெல்ஸே குரல் கொடுத்தார். உதடு முழுதாகத் தெரியாதபடி நடிகர்களைத் தூரத்திலும் முதுகு காட்டியும் நிழலிலும் நிறுத்தியதற்கு அழகியல் ஒரு காரணம் என்றால், இதுவும் ஒரு காரணம்.

1952-இல் கான் விழாவில் மொராக்கோவின் படமாகக் கலந்துகொண்டு, உச்ச விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் ஓடிய இந்தப் பதிப்பில் படக்குழுவின் பெயர்கள் திரையில் எழுத்தாக வராது, வெல்ஸ் வாயாலேயே சொல்வார். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவாக நடித்த கனடிய நடிகை சுசான் க்ளூட்டியேயின் சொந்தக் குரலும் இதில் இருக்கிறது. 1955-இல் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்புக்காக வெல்ஸ் மறுபடி உட்கார்ந்தார். பெயர்கள் எழுத்தாக வந்தன, சிற்சில வெட்டுகள் மாறின, படம் இரண்டு நிமிடம் குறைந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் டெஸ்டிமோனாவின் குரல். க்ளூட்டியேயின் குரலை எடுத்துவிட்டு, குட்ரன் யூர் என்ற ஸ்காட்லாந்து நடிகையின் குரலைப் போட்டார். 1951-இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் வெல்ஸ் ஒதெல்லோவாக மேடையேறியபோது டெஸ்டிமோனாவாக நடித்தவர் யூர். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பேச்சு தெளிவாகிறது, நாடக நடிகைக்குரிய கட்டுப்பாடு வருகிறது. ஆனால் க்ளூட்டியேயிடம் இருந்த, பழக்கமில்லாத ஊரில் தனியாக நிற்கும் பெண்ணின் தயக்கம் போய்விடுகிறது. எனக்கு 1952 குரல்தான் பிடிக்கும். வெல்ஸுக்கு 1955-இல் அது போதவில்லை. அவர் படம், அவர் முடிவு. அதனால்தான் இரண்டும் அசல் என்கிறேன்.

இனி 1992. வெல்ஸ் 1985-இல் காலமானபின், அமெரிக்காவில் கிடைத்த ஒரு ஃபைன் கிரெயின் பாசிட்டிவை (நெகட்டிவிலிருந்து எடுத்த தரமான நகல்) வைத்து இந்த மறுசீரமைப்பு நடந்தது. அடிப்படை 1955 பதிப்பு. படத்தைப் பொறுத்தவரை நல்ல வேலை. பல காலம் கண்ணில் படாமல் கிடந்த படத்தை அமெரிக்கத் தியேட்டர்களில் மீண்டும் ஓடவைத்தார்கள், விமர்சகர்களும் கொண்டாடினார்கள். அந்த நன்றியை மறுப்பது நியாயமில்லை. ஆனால் ஒலியில் நடந்தது வேறு. பழைய ஒலித்தடம் தரம் குறைந்தது என்று முடிவு கட்டி, பேச்சை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மற்றதையெல்லாம் புதிதாகச் செய்தார்கள். படத்தின் இசையமைப்பாளர் லவான்யீனோவின் இசையைக் காதால் கேட்டு ஸ்வரம் எழுதி, சிகாகோ சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்களை வைத்து ஸ்டீரியோவில் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். காலடி, காற்று, அலை எல்லாம் புதிய எஃபெக்ட்ஸ். வசனத்தையும் விடவில்லை. உதட்டசைவோடு பொருந்தவேண்டும் என்று பேச்சை அங்கங்கே நீட்டியும் குறுக்கியும் ஒட்டினார்கள்.

தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவு முதலில் வருகிறது. ஒதெல்லோ, டெஸ்டிமோனா இருவரின் சடலங்களையும் தூக்கிக்கொண்டு கோட்டை விளிம்பில் கரிய உருவங்கள் நடக்கின்றன. கூண்டில் அடைபட்ட இயாகோவைச் சுவர் உச்சிக்கு இழுத்துத் தொங்கவிடுகிறார்கள். இந்த இடத்தில் வசனமே கிடையாது. கோரஸும் வாத்தியங்களும் மட்டும்தான். அசல் மோனோ (ஒற்றைத் தட) ஒலித்தடத்தில் இசை ஒரே இடத்திலிருந்து, கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல் இறுகி வருகிறது. ஓரத்தில் லேசான கரகரப்பு உண்டு. 1992 பதிவில் அதே ஸ்வரங்கள் விரிந்து, பளபளப்பாக, ஒரு நவீன ஒலிப்பதிவுக் கூடத்தின் காற்றோடு வருகின்றன. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் படம் 1949-இல் எடுத்தது, ஒலி 1992-இல் எடுத்தது என்று காது உடனே சொல்லிவிடுகிறது. படத்தைவிட்டு இசை தனியே மிதக்கிறது. வெல்ஸ் எந்தக் கருவியை முன்னே வைத்தார், எதைப் பின்னே தள்ளினார், எங்கே திடீரென்று மௌனமாக்கினார் என்பதெல்லாம் அவருடைய மிக்ஸிங் முடிவுகள். அவர் வானொலி நாடகத்தில் ஊறி வந்தவர், ஒலியைக் கலப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்த மிக்ஸிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 'மறுசீரமைப்பு' என்ற பெயரை வைத்திருக்கக் கூடாது.

உதட்டசைவைச் சரிசெய்ததைப் பலரும் நல்ல காரியம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஷேக்ஸ்பியரின் வரி ஒரு தாளத்தில் ஓடுகிறது. இயாகோவாக நடித்த மிஹால் மக் லியமோர் அவன் வரிகளைச் சொல்லும்போது எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்பதில்தான் அவன் விஷம் இருக்கிறது. உதட்டுக்காக அந்த இடைவெளிகளை இழுத்தும் சுருக்கியும் ஒட்டினால் உதடு பொருந்தும், வரி நொண்டும்.

சரி, படத்தைச் சீரமைப்பது எப்படி? முதல் வேலை, எந்த மூலத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வது. கேமராவுக்குள் ஓடிய ஒரிஜினல் நெகட்டிவ் கிடைத்தால் அதுவே சிறந்தது. அதிலிருந்து எடுக்கும் ஃபைன் கிரெயின் பாசிட்டிவ் அடுத்தது, அதிலிருந்து பிறக்கும் டூப் நெகட்டிவ் (நகல் நெகட்டிவ்) அதற்கும் கீழே. தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் கடைசி. ஒவ்வொரு தலைமுறை நகலிலும் நுணுக்கம் குறையும், கறுப்பு வெள்ளை முரண் கூடும், முந்தைய நகலின் கீறல் படமாகவே பதிந்துவிடும். அப்படிப் பதிந்த கீறலை ஃபிலிமைக் கழுவிப் போக்க முடியாது. ஸ்கேன் செய்தபின் ஃபிரேம் ஃபிரேமாகத்தான் எடுக்கவேண்டும். 93 நிமிடப் படத்தில், நொடிக்கு 24 வீதம், 1,33,920 ஃபிரேம்கள். தூசியை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும். ஆனால் பறக்கும் பறவையையும் தெறிக்கும் அலைத்துளியையும்கூடத் தூசி என்று அழித்துவிடும். கடலோரக் கோட்டையில் எடுத்த படத்தில் இது சின்ன விஷயமல்ல, ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

நான் சொன்ன குளியலறைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு டிஸ்க்கின் தரத்தை அளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அறை முழுக்க ஆவி. தரையில் மரப்பட்டைகள், அவற்றின் இடுக்குகளில் ஒளி. ரோடரிகோ பட்டைகளுக்கு அடியில் பதுங்குகிறான், இயாகோ மேலிருந்து இடுக்கு வழியே வாளைக் குத்துகிறான். மெல்லிய இணைகோடுகள் பழைய விஎச்எஸ்ஸிலும் டிவிடியிலும் நடுங்கி மினுங்கும். ஆவியையும் ஃபிலிம் கிரெயினையும் பிரித்தறிவது மென்பொருளுக்குக் கடினம். இரைச்சல் நீக்கத்தைக் கொஞ்சம் அதிகம் போட்டாலும் ஆவி மெழுகுப் பூச்சாகிவிடும், தோலின் வேர்வை மறைந்துவிடும். கிரெயின் என்பது அழுக்கல்ல. படம் அந்த வெள்ளித் துகள்களால்தான் ஆனது. அதைத் துடைத்த டிஸ்க்கைப் 'பளிச்சென்று இருக்கிறது' என்று பாராட்டுபவர்களோடு நான் எப்போதும் மல்லுக்கு நிற்பேன்.

இந்தப் படத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டுக்கணக்கில், பல ஒளிப்பதிவாளர்கள் எடுத்ததால் அடுத்தடுத்த ஷாட்டுகள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று மென்சாம்பல், அடுத்தது கருங்கறுப்பு. கிரேடிங் (ஷாட்டுகளின் ஒளி, இருள் அளவைச் சரிசெய்வது) செய்பவருக்கு எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரக் கை துறுதுறுக்கும். அந்தக் காலத்து லேப்பில் பிரிண்டர் விளக்கைக் கூட்டிக் குறைத்து எந்த அளவுக்குச் சமப்படுத்தியிருக்க முடியுமோ, அந்த அளவோடு நிறுத்துவதுதான் நேர்மை. டோர்செல்லோவின் கல்லும் ஆப்பிரிக்கக் கரையின் கல்லும் அச்சு அசலாக ஒன்றாகிவிட்டால், வெல்ஸ் செய்த தாவலின் துணிச்சலே தெரியாமல் போகும்.

ஒலிக்கும் இதே கட்டுப்பாடுதான். ஃபிலிமில் படத்தை ஒட்டி ஓரமாக ஓடும் ஒளிக்கோடுதான் ஒலித்தடம். அதில் அழுக்குப் படிந்தால் 'டப்' என்று வெடிக்கும், தேய்ந்தால் இரையும். வெடிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கலாம், ஹம் சத்தத்தைக் குறைக்கலாம். இரைச்சலை முழுசாகத் துடைக்க முயன்றால், பேச்சைச் சுற்றியுள்ள அறையின் காற்றும் சேர்ந்து போய்விடும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைப்பவரே தேர்ந்த ஒலி நிபுணர்.

குரலைத் திருப்பிக் கொண்டுவந்த நல்ல உதாரணமும் வெல்ஸ் படத்திலேயே இருக்கிறது. 1948-இல் ரிபப்ளிக் ஸ்டுடியோவுக்காக அவர் எடுத்த 'மக்பெத்'தில் நடிகர்கள் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசினார்கள். புரியவில்லை என்று புகார் எழ, சாதாரண உச்சரிப்பில் மறுபடி டப்பிங் செய்ய வைத்து, இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, 1950-இல் திரும்ப வெளியிட்டார்கள். பல காலம் அதுதான் 'மக்பெத்'. 1980-இல் யுசிஎல்ஏ திரைப்பட ஆவணக் காப்பகம் முதல் பதிப்பை, அந்த உச்சரிப்போடும் 107 நிமிட நீளத்தோடும் மீட்டது. கரடுமுரடாக இருக்கிறது, சில வரிகள் நிஜமாகவே பிடிபடவில்லை. ஆனாலும் அந்த ஈரக் குகைகளுக்கும் சூனியக்காரிகளுக்கும் அந்தப் பேச்சே பொருந்துகிறது. 2016-இல் ஆலிவ் ஃபிலிம்ஸ் ப்ளூ-ரேயில் இரண்டையும் சேர்த்தே தந்தது. பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

லாரன்ஸ் ஒலிவியேயின் 1955 'மூன்றாம் ரிச்சர்ட்' போன்ற படங்களின் பாடு வேறு மாதிரி. அது விஸ்டாவிஷனில் எடுத்தது. ஃபிலிம் கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடி, ஒரு ஃபிரேமுக்கு எட்டுத் துளை அளவு இடம் எடுக்கும், அதனால் நுணுக்கம் அபாரம். அங்கே பிரச்சினை வெட்டுகள்தான். 1956 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் தியேட்டருக்கு வந்த அதே நாளில் என்பிசி தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். பிறகு சுருக்கிய பிரதிகள் சுற்றின. ஃபிலிம் ஃபவுண்டேஷன் 2012-இல் சீரமைத்த பதிப்பு 158 நிமிடம். அங்கே மூலமும் முழுமையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. வெல்ஸ் படங்களுக்கு அந்த வசதி இல்லை.

'ஒதெல்லோ'வுக்கே திரும்புவோம். 1990-களில் கிரைட்டீரியன் என்ற டிஸ்க் வெளியீட்டு நிறுவனம் ஒரு லேசர் டிஸ்க்கில் வெல்ஸின் பழைய ஒலியோடு கூடிய பதிப்பை வெளியிட்டது. உரிமைச் சிக்கலால் அது சந்தையிலிருந்து மறைந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலானோர் கண்ட ஒதெல்லோ 1992-இன் ஒதெல்லோதான். 2017-இல் அதே கிரைட்டீரியன் 1952, 1955 இரண்டையும் 4கே-யில் சீரமைத்து, மோனோ ஒலியை மோனோவாகவே விட்டு, ஒரே பெட்டியில் கொண்டுவந்தது. உங்கள் கேள்விக்கு நடைமுறைப் பதில் அந்தப் பெட்டிதான். 'ஃபில்மிங் ஒதெல்லோ'வும் அதில் இருக்கிறது. இரண்டு பதிப்புகளுக்கும் உள்ள வேறுபாடுகளை பிரான்சுவா தோமா என்ற வெல்ஸ் ஆய்வாளர் விளக்குகிறார்.

இன்னொரு துணைப்பகுதியைத் தவறவிடாதீர்கள். வெல்ஸ் வெள்ளையர், முகத்தில் கறுப்பு மை பூசி ஒதெல்லோவாக நடித்தார். இன்று அதைப் பார்க்கும்போது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஷேக்ஸ்பியரும் இனமும் பற்றி ஆராய்ந்து எழுதிவரும் அயானா தாம்ப்சன் இந்தப் படத்தைப் பற்றி அதில் பேசுகிறார். பழைய படத்தை மறுவெளியீடு செய்பவர்கள் சங்கடமான இடத்தை வெட்டக் கூடாது, அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்கு இடம் கொடுக்கவேண்டும். ஒரு டிஸ்க் செய்யக்கூடிய, ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் கிடைக்காத காரியம் இது.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ப்ளூ-ரே டிஸ்க்குகள் எந்தெந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை ரீஜன் என்ற பிரிவு முடிவு செய்கிறது; அமெரிக்க கிரைட்டீரியன் ப்ளூ-ரேக்கள் ரீஜன் ஏ பூட்டு போட்டவை. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி, அதனால் இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. மல்டி ரீஜன் பிளேயர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ரீஜன் ஏ. டிவியில் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். சீரமைத்தவர்கள் பொத்திப் பொத்தி வைத்த கிரெயினை உங்கள் டிவியே துடைத்துவிடும். படம் கிட்டத்தட்டச் சதுர வடிவில்தான் வரும், இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். திரையை நிரப்ப இழுக்காதீர்கள். ஒலியில் 'சரவுண்ட்' விளைவு எதுவும் வேண்டாம்.

முதலில் 1952 பதிப்பை முழுசாகப் பாருங்கள். பிறகு 1955-இல் இறுதிப் படுக்கையறைக் காட்சியை மட்டும் போட்டு, டெஸ்டிமோனா பேசுவதைக் கண்ணை மூடிக் கேளுங்கள். அதன்பின் 'ஃபில்மிங் ஒதெல்லோ'. நண்பரிடம் 1992 டிவிடி இருந்தால் அதன் முதல் ஐந்து நிமிடத்தையும் போட்டுப் பாருங்கள். நான் இங்கே எழுதியது சரியா, கூடுதலா என்று உங்கள் காதே சொல்லிவிடும்.